ஒரு தலைக்கு இரண்டு பெட்டி

ஹௌராவில் இறங்கியதும் முதலில் தொட்டுப் பார்த்தது நோட்டைத்தான். ஸ்வெட்டருக்குள் இடுப்பில் செருகியிருந்தேன்; இருந்தது. அப்புறம்தான் பையைப் பார்த்தேன், துண்டில் சுற்றி வைத்திருந்த குழவிக்கல்லைப் பார்த்தேன்.

அந்த நோட்டில் ஒரு கண்காட்சி முழுக்க இருந்தது. நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். மொத்தம் பதினோரு பேர். வெளியூர்க் கண்காட்சிகளில் ஸ்டால் போடப் போகிறவள் நான். போன தடவை ஹைதராபாத் போய் மூன்று லட்சத்துக்கு மேல் செலவு இழுத்துவிட்டு வந்தேன். திருடவில்லை, தின்னவில்லை. எல்லாவற்றையும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன், அவ்வளவுதான். கரண்டு வேண்டும் என்று முன்னால் எழுதிக் கொடுக்காததால் இரட்டை விலை. பேனரை அங்கே அவசரமாக அடித்ததால் இரட்டை விலை. லாரியில் ஒரு குழவி உடைந்துபோக, அதற்குப் பதில் குழவி விமானத்தில் வந்தது. கல் விமானம் ஏறிய கதையைப் பட்டறையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. அவரை நான் தம்பி என்பேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, கல்கத்தாவுக்கு ரெண்டு லட்சம். அதுக்கு மேல ஒத்த ரூவா போச்சுன்னாலும் இனி வெளியூரே வேண்டாம். நீங்க பேக்கிங்ல உக்காந்துக்கங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பேக்கிங்கில் உட்காருவது கேவலமில்லை. என்னால் முடியாது, அவ்வளவுதான். பதினான்கு வயதில் ஒரு மில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். மூன்று வருடம். மாதத்தில் ஒரு ஞாயிறு கேட்டைத் திறப்பார்கள். வெளியே வந்ததிலிருந்து எந்த இடத்திலும் சேர்ந்தாற்போல் நாலு மாதம் இருந்ததில்லை. மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கினேன், கல்யாணச் சமையலுக்குப் போனேன், ரயிலில் நைட்டி விற்றேன். இந்தக் கம்பெனியில் ஆறு வருடம் தாக்குப்பிடித்ததே வருடத்துக்கு நாலு ஊர் பார்க்கக் கிடைத்ததால்தான்.

அதனால் இந்த முறை ஐந்து மாதம் முன்னாலேயே நோட்டுப் போட்டேன். மாறக்கூடியதைப் பென்சிலில் எழுதுவேன். பணம் கட்டியாகிவிட்டது, இனி மாறாது என்றால் அதன்மேலேயே பேனாவால் எழுதுவேன். எட்டாவதோடு நின்ற படிப்புக்கு இது போதும். ஸ்டால் வாடகையைத் தள்ளுபடி முடிவதற்குள் கட்டினேன், பேனா. கரண்டு, பேனா. ஹைதராபாத் பேனரையே எடுத்து ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் துணி ஒட்டினேன், பேனா. லாட்ஜ் கிடையாது, லலிதா மாமி வீடு, பேனா. ஆள் கூலி மிச்சமாகட்டும் என்று மூன்று ஹோட்டல் கிரைண்டரையும் பத்து வீட்டுக் கிரைண்டரையும் கழற்றி, அலமாரி, குழாய் எல்லாம் பிரித்து, நான் ஒருத்தியே தூக்குகிற மாதிரி பெட்டி போட்டேன். ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோவுக்கு மேல் இல்லை. நாற்பத்தொரு பெட்டி. பார்க்கவே அழகாக இருந்தது. பார்சல் லாரியில் முன்கூட்டியே அனுப்பியாகிவிட்டது. குழவியை மட்டும் நம்பவில்லை. உபரிக் கல் ஒன்று கூடவே வந்தது.

கையில் ரொக்கம் அதிகம் தரவில்லை. தம்பியின் கணக்கோடு இணைத்த போன் என்னிடம். நான் எங்கே ஸ்கேன் செய்தாலும் கோயம்புத்தூரில் அவர் போன் மணியடிக்கும். ஸ்டேஷனுக்கு வெளியே சின்ன மண் குவளையில் டீ குடித்தேன். குளிராக இருந்ததால் இன்னொன்று குடித்தேன். போன் வந்தது.

"அக்கா, பத்து ரூவா ரெண்டு தடவ போயிருக்குதே?"

"ரெண்டு டீங்க தம்பி. குவளை சின்னதுங்க."

"இல்லீங்க்கா, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டவருக்கு நான் மூன்றாவது டீ குடிக்காமல் பதில் சொன்னேன்.

கரியாஹாட் வரை பஸ். அங்கிருந்து டாக்குரியாவுக்கு ஆட்டோ. நம்மூரில் ஆட்டோ என்றால் நமக்கு மட்டும். இங்கே ஆட்டோ பஸ் மாதிரி ஒரே தடத்தில் ஓடுகிறது. பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர். கல் மடியில் அழுத்தியதால் பக்கத்தில் சீட்டில் வைத்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். இரண்டு டிக்கெட்.

"கல்லுக்கும் காசா? எவ்வளவு கனம்னுகூடக் கேக்கலையே" என்று என் உடைந்த இந்தியில் கேட்டேன்.

"கனம் எனக்கு எதுக்கு தீதி? சீட்டுதான் கணக்கு." அங்கே அக்காவுக்குத் தீதி.

துண்டு விலகி, குழவியின் மொழுமொழு தலை வெளியே தெரிந்தது. ஓரத்தில் இருந்த வயதான அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். தோசைமாவு அரைக்கிற கல் என்றேன். முன்னால் இருந்தவர், "டிக்கெட் எடுத்த சாமியை இன்னிக்குத்தான் பாக்கறேன், சில்லறை கேட்டு வாங்கு" என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். கனம் கணக்கில்லை, தலைதான் கணக்கு என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

லலிதா மாமியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குரலைத் தெரியும். எங்கள் கிரைண்டரைப் பார்சலில் வாங்கியவர். பெல்ட் நழுவும்போதெல்லாம் போன் செய்வார், நான் இங்கிருந்து திருகாணியைச் சொல்லச் சொல்ல அவர் அங்கே முடுக்குவார். அப்படியே நாலு வருடம் பழகிவிட்டோம். மூன்று தலைமுறையாகக் கல்கத்தா. மாமா பேங்க் ஆபீசராக இருந்தவர், காலமாகிவிட்டார். மாமியும் மகள் மைதிலியும் டாக்குரியா ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறார்கள். ரயில் போகும்போது டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன.

"வா வா. குரலைக் கேட்டு ஒல்லியா இருப்பேன்னு நெனச்சிண்டிருந்தேன்" என்றார் மாமி. "வந்த கையோட அந்த பெல்ட்டைப் பாத்துடு. அப்பறம் குளி."

பெல்ட்டை மாற்றினேன், குளித்தேன். சாயங்காலம் சாதமும், அவர் சாத்தமுது என்கிற ரசமும், காலிஃப்ளவர் கறியும் போட்டார். புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பு இரண்டு. சாப்பிடும்போது மைதிலி ஆபீசிலிருந்து வந்தாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் வாயில் வருகிறது. என்னை மாஷி என்றாள். அங்கே சித்தி என்று அர்த்தமாம். கண்காட்சிக்காரர்கள் அனுப்பிய விதிப் புத்தகத்தை ஆர்வமாகப் புரட்டினாள். நாற்பது பக்கம் இங்கிலீஷ். நான் அதில் எண்களை மட்டும் பார்த்து, எங்கள் ஆபீஸ் கிளார்க்கிடம் விவரம் கேட்டு எழுதியிருந்தேன்.

"மாஷி, உங்க சாமான் எத்தனை பாக்ஸ்?"

"நாப்பத்தொண்ணு கண்ணு."

அவள் கை சந்தேஷோடு நின்றது. "கேட்லேர்ந்து ஸ்டாலுக்கு அவா லோடிங் ஆளுங்கதான் தூக்கணுமாம். வெளியாள் தூக்கப்படாது. ஒரு பீசுக்கு டூ ஃபிஃப்டி."

"ஒரு குவிண்டாலுக்கு இருநூத்தம்பது. எழுதியிருக்கேனே."

"குவிண்டால் இல்ல மாஷி. பீஸ். வெயிட் எதானாலும், ஒரு பொட்டலம் ஒரு பீஸ்."

எங்கள் பக்கத்தில் ஏற்றுகூலி என்றால் எடைக்குத்தான். கிளார்க்குக்கும் எனக்கும் வேறு எதுவும் தோன்றவே இல்லை. ஏழரை குவிண்டால், இரண்டாயிரம் ஆகும், ஹைதராபாத்தில் பட்ட அடியால் அதை இரட்டிப்பாக்கி நாலாயிரம் என்று எழுதி, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சியிருந்தேன். இப்போது நாற்பத்தொரு பெட்டிக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். மற்ற பக்கங்களில் எல்லாம் பேனா. பிழிந்தெடுக்க ஈரமே இல்லாமல் திட்டம் போட்டிருந்தேன். முன்கூட்டியே யோசித்த ஒரே காரணத்தால் ஒரு பெட்டியாக வரவேண்டியது ஐந்து பெட்டியாக வந்து நிற்கிறது.

மாமி இன்னொரு சந்தேஷ் வைத்தார். வாயில் போட்டேன். மண் மாதிரி இருந்தது.

மறுநாள் ஸ்டால் கட்டும் நாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு சாமான் கொண்டுபோனால் மணிக்கு இவ்வளவு என்று தனி அபராதம். விடிந்ததும் கரியாஹாட்டுக்குக் கயிறு வாங்கப் போனேன். பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிவிட்டால் உருப்படி குறைந்துவிடும், அதுதான் யோசனை. ஆனால் அந்த ஊர்க் கடைக்காரர்களுக்குக் காலை என்பது பத்தரைக்குத்தான் தொடங்குகிறது. ஏழரைக்கு எங்கள் உக்கடம் மார்க்கெட்டில் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். இங்கே நடைபாதைக் கடைகள் தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தன. நாலு கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் தின்றேன். குழம்பு தித்தித்தது. இந்த ஊரில் சர்க்கரையை உப்பு மாதிரி போடுகிறார்கள். நின்றேன், நடந்தேன், மூடின ஷட்டர்களை எண்ணினேன். பத்தே முக்காலுக்கு ஒருவர் கடை திறந்து, ஊதுவத்தி கொளுத்தி, படத்துக்கு மாலை போட்டு, தண்ணீர் தெளித்து, அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

தேங்காய்நார்க் கயிறு நாற்பது மீட்டர், சாக்கு ஏழு. போன் வந்தது.

"அக்கா, கயிறா? நோட்டுல கயிறு இல்லீங்களே?"

"இருக்குதுங்க தம்பி, பென்சில்ல" என்றேன். பொய். பஸ் ஏறிய பிறகு பென்சிலில் எழுதினேன்.

அந்த பஸ்ஸில் கல்லைத் துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஏறியிருந்தேன். கஸ்பா தாண்டி பார்சல் ஆபீசுக்கு இறங்க வேண்டிய இடம் வந்தபோது கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் பட்பட்டென்று அடித்து டிரைவரிடம் கத்தினார்: "மெதுவா, மெதுவா! லேடீஸ்! கைக்குழந்தை!" பஸ் முழுக்க நின்று வழிவிட்டது. ஒருவர் என் பையைத் தூக்கிக் கொடுத்தார். நான் குழந்தையின் தலையை இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டு இறங்கினேன்.

பார்சல் ஆபீசிலிருந்து டெம்போவில் சாமானை எடுத்துக்கொண்டு பைபாஸ் ஓரத்துத் திடலின் கேட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு. டெம்போவை வெளியிலேயே இறக்கச் சொல்லிக் கட்ட ஆரம்பித்தேன். லாரி ஷெட்டிலும் மண்டியிலும் கற்ற முடிச்சுகள் கை மறக்கவில்லை. முதலில் பத்துக் கட்டு என்று நினைத்தேன். கட்டக் கட்ட ஆசை பெருத்தது. ஆறு ஆறாக அடுக்கி, சாக்குப் போட்டு, இறுக்கி ஏழு கட்டாக்கினேன். ஏழு உருப்படி என்றால் இரண்டாயிரத்துக்குள் முடியும். நாலாயிரம் ஒதுக்கியதில் இரண்டாயிரம் மிச்சம்! கை எரிந்தது, மனசு குளிர்ந்தது.

சுமைக்காரர்களின் தலைவர் வந்தார். ஸ்வபன்தா என்று எல்லாரும் கூப்பிட்டார்கள்; அங்கே தாதா என்றால் அண்ணன். ஐம்பது வயதிருக்கும். தலையில் குரங்குக் குல்லாய், காலில் ரப்பர் செருப்பு, காதில் பீடி. ஏழு கட்டையும் ஒரு சுற்று சுற்றிவந்தார். ஒன்றைக் காலால் நெம்பிப் பார்த்தார். அது அசையவில்லை.

"எத்தனை?"

"ஏழு."

அவர் சிரிக்கவில்லை. தன் ஆட்களிடம் வங்காளத்தில் என்னமோ சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் இந்தியில் எனக்காக மொழிபெயர்த்தான்: "தீதி யானைக்குட்டி ஏழு கொண்டுவந்திருக்காங்கன்னு சொல்றார்."

"விதியில் எடை இல்லை. பொட்டலம்தான்" என்று புத்தகத்தைக் காட்டினேன். மைதிலி அந்தப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்திருந்தாள்.

ஸ்வபன்தா புத்தகத்தைப் பார்க்கவேயில்லை. "சரிதான் தீதி. ஏழுதான். ஏழு பீசுக்குத்தான் காசு. ஆனா எப்போ தூக்கணும்னு உங்க புஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

மணி ஒன்றரை. பிஸ்கட் மிஷின்காரர்கள் உள்ளே போனார்கள். பாத்திரக்காரர்கள் போனார்கள். கண்ணாடி அலமாரி ஒன்று மணப்பெண் மாதிரி நாலு பேர் தாங்கப் போனது. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்றேன். ஒவ்வொரு தடவையும் ஸ்வபன்தா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மூன்று மணிக்கு ஜால்முரி வாங்கித் தின்றேன். நம்மூர்க் காரப்பொரிக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. கடுகெண்ணெய் மூக்கில் ஏறுகிறது. கண்ணில் வந்த தண்ணீருக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. ஆறு மணி ஆனால் அபராதம். அபராதம் விழுந்தால் ரெண்டு லட்சம் தாண்டும். தாண்டினால் பேக்கிங். சுவரில் ஒரே ஒரு ஜன்னல், அதில் கம்பி, கம்பிக்கு வெளியே இன்னொரு சுவர். எங்கள் பேக்கிங் அறை அப்படித்தான் இருக்கும்.

மூன்றரைக்கு ஒரு ஆள் என் கட்டில் ஒன்றைத் தூக்க முடியுமா என்று விளையாட்டாகத் தோள் கொடுத்துப் பார்த்தான். இன்னொருவன் ஏற்றிவிட்டான். இரண்டடி வைத்தான். முழங்கால் வளைந்தது, கட்டு தொப்பென்று விழுந்தது. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதைப் பார்த்தபோது என் இடுப்பில் பழைய இடத்தில் சுருக்கென்றது. மண்டியில் எழுபது கிலோ மூட்டையை நூறாக்கி வைத்து அதே கூலி கொடுத்த ஒரு வியாபாரியை நானும் வேறு நாலு பெண்களும் எப்படியெல்லாம் திட்டினோம் என்று ஞாபகம் வந்தது. அந்த வசவுகளை இன்னும் வரிசை மாறாமல் சொல்வேன். எல்லாம் இப்போது எனக்கு அளவாகத் தைத்த மாதிரி இருந்தன.

கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். ஸ்வபன்தா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன, நாப்பத்தொண்ணா ஆக்கறியா?"

"நாப்பத்தொண்ணுக்கு என்கிட்ட காசு இல்ல தாதா. ஏழுக்கு உங்ககிட்ட முதுகு இல்ல. நானும் மூட்டை தூக்கினவதான். நடுவுல ஒரு கணக்கு நீங்களே சொல்லுங்க."

அவர் என் தோளைப் பார்த்தார். ஸ்வெட்டர் போட்டிருந்தேன், ஒன்றும் தெரிந்திருக்காது. "என்ன தூக்கினே?"

"உருளைக்கிழங்கு."

"எந்தத் தோள்?"

"வலது. மூணாவது மாசத்துக்கு மேல இடது."

அவர் பீடியைக் காதிலிருந்து எடுத்தார், பற்றவைக்காமல் மறுபடி காதில் செருகினார். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அதன்மேல் இன்னொன்றை வைத்து இரண்டையும் சேர்த்துத் தலைக்கு ஏற்றி இறக்கினார்.

"ஒரு தலைக்கு இரண்டு. அப்படிக் கட்டு. இதுக்குக் கீழேயும் இல்ல, மேலேயும் இல்ல."

இருபது ஜோடியும் ஒற்றை ஒன்றும். இருபத்தொரு உருப்படி. ஐயாயிரத்து இருநூற்றைம்பது. ஒதுக்கியதைவிட ஆயிரத்து இருநூற்றைம்பது அதிகம். அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். பென்சிலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெரிய வரி: நாற்காலி இரண்டு, நாலு நாளைக்கு வாடகை, ஆயிரத்து நானூறு. அடித்தேன். கயிற்றுக் காசும் அதில் கிட்டத்தட்ட அடங்கியது.

அவர்கள் தூக்க ஆரம்பித்தபோது ஐந்தேகால். கடைசி ஜோடி உள்ளே போனபோது காவலாளி கேட்டின் ஒரு கதவைச் சாத்தியிருந்தார். நான் குழவியைக் கட்டிக்கொண்டு மறு கதவு வழியாக நுழைந்தேன். "அது எத்தனையாவது பீஸ்?" என்று ஸ்வபன்தா கேட்டார்.

"கைக்குழந்தை" என்றேன். அப்போதுதான் முதல்தடவை சிரித்தார்.

கண்காட்சியின் முதல் நாள் படு தோல்வி. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு அரைத்துக் காட்டினேன். ஜனங்கள் நின்றார்கள், போட்டோ எடுத்தார்கள், "இட்லி, இட்லி" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் மிஷினுக்குப் போனார்கள். நாற்காலி இல்லை. காலை பத்திலிருந்து ராத்திரி எட்டுவரை நின்றேன். சாயங்காலம் மெட்டிக்குக் கீழே விரல் வீங்கி, மெட்டி சிக்கிக்கொண்டது.

வீட்டுக்குப் போனதும் மாமி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தார். என்ன அரைத்தாய் என்று கேட்டார். சொன்னேன்.

"அசடே, இவாளுக்கு உளுந்தை அரைச்சுக் காமிச்சா யார் வாங்குவா? கடுகை அரை. பக்கத்தாத்துக் காகிமா தெனமும் பொலம்பறா, மிக்ஸில போட்டா கடுகு கசந்து போறதுன்னு. அம்மில அரைக்க மணிக்கட்டு இல்லேங்கறா. என் கிரைண்டர்லதான் வந்து அரைச்சிண்டு போறா."

"இத்தனை நாளா ஏன் மாமி போன்ல சொல்லலை?"

"பெல்ட்டைப் பத்தின்னா கேட்டே? கடுகைப் பத்திக் கேட்டியோ?"

இரண்டாம் நாள் கடுகும் பச்சைமிளகாயும் உப்பும் போட்டேன். கல் மெதுவாகச் சுற்றியது. பத்து நிமிடத்தில் எங்கள் வரிசை முழுக்க மூக்கை உறிஞ்சியது. விழுதை விரலில் தொட்டு நாக்கில் வைத்த ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணீர் வழிந்தது. பக்கத்தில் இருந்தவர், "மாமனார் செத்தப்போகூட இவன் இவ்வளவு அழலை" என்றார். கூட்டம் கூடியது. கசக்கவில்லை, கசக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆளாளுக்கு விலை கேட்டார்கள். எனக்குக் கடுகு வாங்கிய காசு தம்பி போனில் மணியடித்திருக்குமே என்ற கவலை.

மூன்றாம் நாள் டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோக்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு அம்மாள் வந்தார். குட்டையாக, வெற்றிலை போட்டு, விரலில் கடுகைத் தொட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "முன்னூறு பேருக்கு மீன் குழம்பு, இது தாங்குமா?"

"கல் தாங்கும். மோட்டார் நடுவில் பத்து நிமிஷம் ஓய்வு கேட்கும்."

"என் ஆளுங்க அரை மணி கேக்கறாங்க. இது பரவாயில்ல." மூன்று ஹோட்டல் கிரைண்டரையும் கடைசி நாள் சாயங்காலம் தன் வண்டியிலேயே எடுத்துக்கொள்வதாக முன்பணம் கொடுத்தார். வீட்டுக் கிரைண்டர்களும் நாலாம் நாளுக்குள் எட்டுப் போய்விட்டன. ஒன்றைக் காகிமாவே வந்து வாங்கினார். திரும்பிப் போக வேண்டியது ஒன்பது பெட்டிதான். ஐந்து உருப்படி.

ஆனால் பயம் விடவில்லை. விற்றது வேறு கணக்கு, செலவு வேறு கணக்கு என்று தம்பி முன்னமே சொல்லியிருந்தார். கடைசி நாள் கரண்டுக்காரர் மீட்டர் பார்க்க வந்தபோது நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றேன். நான் எழுதிக் கொடுத்த அளவுக்குள்தான் இருந்தது. குப்பை அள்ளுபவர் வந்தார், அது முன்னாலேயே கட்டியாகிவிட்டது. ஒவ்வொருவரும் வருவதும், நான் ரசீதைக் காட்டுவதும், அவர்கள் போவதும் பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. எட்டாவதுக்குப் பிறகு நான் எழுதிய பரீட்சை அதுதான்.

ஐந்து உருப்படியையும் ஸ்வபன்தாவே வந்து பார்த்தார். கட்டு பிடித்திருந்தது. முடிச்சை இழுத்துப் பார்த்து, "இந்த முடிச்சை என் ஆளுங்களுக்குக் காட்டிட்டுப் போ" என்றார். காட்டினேன். ஒருவன் மூன்று தடவை தப்பாகப் போட்டான். "உருளைக்கிழங்கு தீதி சிரிக்கறாங்கடா" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

"அடுத்து எங்கே?" என்று கேட்டார் ஸ்வபன்தா.

"கௌஹாத்தின்னு பேச்சு. என்னை அனுப்பினா."

"அங்கே கேட்டுல என் மச்சான். என்னைவிட மோசம். பேரு சொல்றேன், எழுதிக்கோ. ஒரு தலைக்கு இரண்டு, ஸ்வபன் சொன்னான்னு சொல்லு. ஆனா நீதான் போகணும். வேற ஆள் போய்ச் சொன்னா நம்பமாட்டான்."

மறுநாள் காலை மாமி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கூட்டினேன். மைதிலி போனில் சரிபார்த்தாள். ரயிலில் நான் சாப்பிடப் போகிற மூன்று வேளையையும் சேர்த்தேன். ரெண்டு லட்சத்துக்கு அறுநூற்று முப்பது ரூபாய் குறைவு. இன்னொரு தடவை கூட்டச் சொன்னேன். அதேதான் வந்தது. மாமி, "அந்த அறுநூறுக்கு சந்தேஷ் வாங்கிண்டு போயேன்" என்றார். நான் நோட்டை மூடிவிட்டேன்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"அக்கா! பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். சூப்பருங்க்கா. நான் நெனைக்கவே இல்ல." அவர் குரலில் நிஜமான சந்தோஷம். "நைட்டெல்லாம் யோசிச்சேன். நீங்க இனி இப்படி நின்னு சாக வேண்டாம். பேக்கிங்கும் வேண்டாம். ஆபீஸ்ல என் ரூமுக்குப் பக்கத்துல ஒரு டேபிள் போட்டுடறேன். ஏசி. எல்லா எக்ஸிபிஷனுக்கும் நீங்கதான் உக்காந்து பிளான் போடோணும். கௌஹாத்திக்கு நம்ம பட்டறைக் கார்த்தியை அனுப்பிக்கலாம், அவன் சின்னப் பையன், அலையட்டும்."

கீழே ஒரு ரயில் போனது. டம்ளர்கள் பேசின.

"என்னங்க்கா, லைன்ல இருக்கீங்களா? சம்பளமும் கூட்டித்தான் தர்றேன்."

"இருக்கறனுங்க தம்பி" என்றேன். "பிளான் நான்தானே போடோணும்?"

"நீங்கதான். நான் அதுல கையே வெக்கமாட்டேன்."

"எழுதினதை மாத்தக் கூடாதுங்க."

"உங்க நோட்டு, உங்க இஷ்டமுங்க்கா."

போனை வைத்துவிட்டு நோட்டில் புதுப்பக்கம் பிரித்தேன். மேலே கௌஹாத்தி என்று எழுதினேன். ஸ்டால், கரண்டு, பேனர், கயிறு எல்லாம் பென்சிலில். உருப்படி, ஒரு தலைக்கு இரண்டு பெட்டி, அதுவும் பென்சில். ஸ்வபன்தாவின் மச்சான் பெயர், பென்சில்.

பிறகு மைதிலியிடம் பேனா வாங்கி, போகிற ஆள் என்ற இடத்தில் என் பெயரை, தனலட்சுமி என்று, எழுதினேன்.